இடது குழாய்

பட்டியலில் பதினோரு வகை இருந்தன.
நான்கு வட்டம், இரண்டு முட்டை,
நடுவில் ஒட்டிப்பிறந்த இரட்டை,
நீலம் பாய்ந்த டைட்டானியம்,
விலையைக் கேட்டால் இருமல் வரும் கார்பன்.
ஃபோல்க்மாருக்கு நான்கு வேண்டும், கறுப்பில்.
"கறுப்பென்றால் கரி தெரியாது" என்றான்.
அதனால்தான் வேண்டாமென்றேன்.

மாயென் ஊரில் பல் கட்டும் பட்டறையில் எனக்கு வேலை.
பீங்கான் பற்களையும் உலோகத் தொப்பிகளையும்
பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும்.
வாயைப் பார்க்காமலே
அது எந்தப் பக்கம் மெல்லும் என்று சொல்லிவிடுவேன்.
ஆகவே என் பேச்சு எடுபட்டது.
இரண்டே குழாய். வட்டம். மெருகிட்ட எஃகு.
பம்பரின் வெட்டுக்குள் விரலகலம் இடைவெளி விட்டு
மூன்று முறை கழற்றி மாட்டினார் ட்ரூட்வின்.
ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் ஏறினாலும்
ஸ்போர்ட்ஸ் கார் வாய் கோணிச் சிரிக்கும்.

சனிக்கிழமை மதியம் என்னுடையது.
ஞாயிறென்றால் எதிர்வீட்டு ரோஸ்வித்தா
திரைச்சீலையை இரண்டங்குலம் விலக்கி
ஓய்வுநாளைக் காவல் காப்பாள்.

சூடு ஆறிய பிறகுதான் தொட வேண்டும்.
முதலில் சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ்.
பிறகு முடியைவிட மெல்லிய எஃகுப் பஞ்சு,
சுழற்றாமல், குழாயின் போக்கிலேயே.
அப்புறம் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஃபெல்ட் சக்கரமும்
கடைவாய்ப் பல்லுக்கான இளஞ்சிவப்புப் பசையும்.
உள்ளே இரண்டு விரல் ஆழம்வரை.
அதற்கப்பால்
இயந்திரத்தின் சொந்த விஷயம்.

இடது குழாய் எப்போதும் கூடுதல் கறுப்பு.
பழுதல்ல. சும்மா நிற்கும்போது
வலப்பக்கத்து மடல் மூடிக்கொள்ளும்,
மூச்செல்லாம் இடது வழியே.
மிதித்தால்தான் இரண்டும் திறக்கும்.
கரிக்கும் குணம் உண்டு.
நெடுஞ்சாலையில் வெந்த கரி உலர்ந்து சாம்பலாகும்,
ஊதினால் போகும்.
சூடேறாத வண்டியின் கரி மை போல ஈரம்,
நகக்கண்ணில் ஒரு வாரம் குடியிருக்கும்.

ஜனவரியிலிருந்து ஈரம்.

வாரத்தில் ஐந்து நாள் கோப்லென்ஸ் போய் வருகிறான்.
போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது.
வலது குழாயோ
போன சனி நான் துடைத்துவிட்டபடியே,
என் முகம் தெரிய.

கேட்கவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் என்பார்களே,
பல் செய்கிறவளுக்கு அது எளிது.

செவ்வாய்க்கிழமை,
டாக்டரிடம் ஒரு பாலப்பல் கொடுக்கப் போகும் வழியில்
கால்பந்து மைதானத்தின் பின்புறம், வேலியோரம்,
எங்கள் கார்.
ஹீட்டருக்காக இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
இடது குழாய் மட்டும் வெள்ளை மூச்சு விட்டது.
உள்ளே டை கட்டிய ஃபோல்க்மார்,
மடியில் காலையில் நான் சுற்றிக்கொடுத்த ரொட்டி.
பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.
யாராவது இருந்திருந்தால்
கோபப்படத் தெரிந்திருக்கும் எனக்கு.
நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை காபியோடு வெளியே வந்தான்.
"ரொம்ப அழுக்கா?"
பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.
பார்த்தான்.
கோப்பையைக் காரின் கூரைமேல் வைத்தான்,
நான் வைத்தால் கத்துகிற இடத்தில்.

"நின்ற இடத்திலேயே ஓடினால் குழாய் கெட்டுவிடும்" என்றேன்.
"திங்கட்கிழமை தூரமாகப் போ.
எங்கேயாவது. கடல்வரை போய்த் திரும்பு.
நன்றாக மிதி."

பதில் இல்லை.
டையில்லாத கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டான்.
பிறகு என் கையிலிருந்து பஞ்சை வாங்கி
முழங்காலிட்டு
வலது குழாயைத் தேய்க்கத் தொடங்கினான்,
ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை,
வெகுநேரம்.
ரோஸ்வித்தாவின் திரைச்சீலை அசைந்தது.
காபி ஆறிப்போனது.